ஃபயர்வால் பெட்டிக்கு யார் கையெழுத்து?

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள், ஃபயர்வால் வாங்குவது. நம் கேமராக்கள், கேட்டில் வண்டி பதிவு செய்யும் டேப்லெட், சமுதாயக் கூடத்து வைஃபை, சங்க அலுவலகக் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே இணைப்பில் ஓடுகின்றன. பல வீடுகளுக்கும் அதே இணைப்பிலிருந்துதான் லைன் போகிறது. வாசலுக்கு வாட்ச்மேன் வைத்த நாம் இணையத்தின் வாசலுக்கும் ஒருவரை வைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பெட்டி வாங்கலாம்.

வந்திருக்கும் கொட்டேஷன்களில் விலை, வாரண்டி, ஆண்டுக் கட்டணம் எல்லாவற்றையும் நாம் அலசிவிட்டோம். கடைசியில் ஒரு வரி இருக்கிறது: "டிஜிட்டல் சான்றிதழ் அமைத்துத் தரப்படும்." அதற்குத் தனித் தொகை எதுவும் போடவில்லை. அதனாலேயோ என்னவோ, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கோ அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது.

நான் இன்ஜினியர் இல்லீங்க. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் கையெழுத்தை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. இந்தச் சான்றிதழ் விவகாரமும் கையெழுத்து விவகாரம்தான். அந்த ஒரு வரிக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றை நாம் கட்டாயம் செய்ய வேண்டும். இன்னொன்றைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. இரண்டையும் பிரித்துக் காட்டவே இந்தப் பேச்சு.

புத்தகத்தில் இருக்கும் கையெழுத்து

வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், ஈரோட்டில் எடுத்த டிராப்டை ஒருவர் சேலத்துக் கிளையில் கொண்டுவந்து நீட்டுவார். அதில் கையெழுத்துப் போட்ட ஈரோட்டு அதிகாரியை எங்களுக்குத் தெரியாது. அதற்காக மாதிரிக் கையெழுத்துப் புத்தகம் ஒன்று கிளையில் பூட்டி வைத்திருக்கும். ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு எண். டிராப்டில் கையெழுத்தோடு அந்த எண்ணையும் எழுதியிருப்பார். புத்தகத்தைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம். எங்காவது டிராப்ட் புத்தகம் காணாமல் போனால் எச்சரிக்கைச் சுற்றறிக்கை வரும். அந்த எண்களில் வந்த டிராப்டுக்குப் பணம் கிடையாது.

உங்கள் ஒவ்வொருவர் போனிலும் இப்படியொரு புத்தகம் இருக்கிறது. அதற்கு ரூட் சான்றிதழ்ப் பட்டியல் என்று பெயர். கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா போன்ற நிறுவனங்கள் அதைத் தயாரித்துப் பராமரிக்கின்றன. நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தவுடன் அந்தத் தளம் தன் சான்றிதழை நீட்டும். போன் நான்கு விஷயங்களைப் பார்க்கும். சான்றிதழில் உள்ள பெயரும் தளத்தின் பெயரும் ஒன்றா? தேதி கடந்துவிட்டதா? கையெழுத்திட்டவர் நம் புத்தகத்தில் இருக்கிறாரா, அல்லது புத்தகத்தில் இருப்பவர் அவருக்குச் சாட்சி சொல்கிறாரா? இந்தச் சான்றிதழ் ரத்தானதா? எல்லாம் சரியென்றால் சத்தமில்லாமல் உள்ளே விடும். ஒன்று தவறினாலும் எச்சரிக்கைப் பக்கம் வரும்.

ஆனால் சான்றிதழ் சரியாக இருந்தால் தளத்தின் பெயர் உண்மை என்றுதான் அர்த்தம். அந்த ஆள் யோக்கியமானவர் என்று அர்த்தமில்லை. மோசடிக்காரனும் தன் போலித் தளத்தின் பெயருக்கு முறையாகச் சான்றிதழ் வாங்கிவிடலாம். அதனால் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். இதற்காகவே ரிசர்வ் வங்கி, 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெயர் கிடைக்காது. உங்கள் வங்கியின் முகவரி அப்படி முடிகிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தனிச் சாவி

நம் பக்கத்தில் டி.எஸ்.சி. டோக்கன் தெரியாதவர்கள் குறைவு. நாமக்கல்லில் டேங்கர் லாரி டெண்டர் போடுகிறவர், இங்கே கம்பெனிக் கணக்கு தாக்கல் செய்கிறவர், காண்ட்ராக்ட் எடுக்கிறவர் எல்லாரும் அந்தச் சின்ன யு.எஸ்.பி. டோக்கனைச் செருகித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இந்தக் கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு கிடைத்தது. யாரெல்லாம் இதை வழங்கலாம் என்று உரிமம் கொடுப்பதற்கு மத்திய அரசில் சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். சுருக்கமாக சி.சி.ஏ. என்பார்கள்.

அந்த டோக்கனுக்குள் இருப்பது தனிச் சாவி. அதற்கு ஜோடியாகப் பொதுச் சாவி என்று ஒன்று உண்டு. பொதுச் சாவியை ஊருக்கே கொடுக்கலாம், சான்றிதழில் அச்சாகியிருப்பதும் அதுதான். தனிச் சாவி உரியவரிடம் மட்டும் இருக்க வேண்டும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் போடுவதுதான் கையெழுத்து. டோக்கனையும் பின் நம்பரையும் சேர்த்து இன்னொருவர் மேஜை டிராயரில் விட்டு வைப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தை விட்டு வைப்பதற்குச் சமம். ஃபயர்வால் பெட்டிக்கும் இதே கணக்குதான். சான்றிதழைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'தனிச் சாவி யாரிடம்?' என்று கேட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

முதல் வேலை: பெட்டிக்குச் சொந்தச் சான்றிதழ்

பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது தனக்குத் தானே எழுதிக்கொண்ட நற்சான்றிதழோடு வரும். அதில் கையெழுத்திட்டவர் யாருடைய புத்தகத்திலும் இல்லை. அதனால் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை வரும். அமைக்க வருகிறவர் "அது அப்படித்தான் சார், பரவாயில்லைன்னு அமுக்கிட்டு உள்ளே போங்க" என்பார். இதில்தான் ஆபத்து. நாளைக்கு சமுதாயக் கூடத்து வைஃபையில் ஒருவன் குறுக்கே நின்று, பெட்டியின் பக்கம் போலவே ஒன்றைக் காட்டி, பாஸ்வேர்டை வாங்கப் பார்த்தால் அப்போதும் இதே எச்சரிக்கைதான் வரும். நாமும் பழக்கத்தில் அமுக்கிவிட்டு உள்ளே போவோம். கள்ள நோட்டுக்கு அலாரம் அடிக்கும் இயந்திரம் நல்ல நோட்டுக்கும் அடித்துக்கொண்டே இருந்தால், காசாளர் அதைக் காதில் வாங்குவாரா?

ஆகவே பெட்டிக்கு முறையான சான்றிதழ் வாங்க வேண்டும். வேலை நடக்கும்போது சங்கத்தின் சார்பில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வரிசை இதுதான்.

ஒன்று, பெயர். 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரிகளுக்குப் பொதுச் சான்றளிப்பு அமைப்புகள் கையெழுத்துப் போடுவதில்லை. அந்த எண் எல்லார் வீட்டிலும் இருப்பது. இன்ன கட்டடம் என்று சொல்லாமல் 'முதல் மாடி, முதல் வீடு' என்பதைப் போன்றது. எனவே சங்கத்தின் இணையப் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்துப் பெட்டிக்குப் பெயர் வைக்க வேண்டும். இணையப் பெயர் சங்கத்தின் பேரில், சங்கத்தின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். விற்பனையாளர் பேரில் இருக்கக் கூடாது.

இரண்டு, கடிகாரம். பெட்டியின் தேதியும் நேரமும் சரியாக இல்லாவிட்டால், செல்லுகிற சான்றிதழைச் செல்லாது என்றும், காலாவதியானதைச் செல்லும் என்றும் அது தப்பாக எடுத்துக்கொள்ளும். நேரத்தை இணையத்திலிருந்து தானே சரிசெய்துகொள்ளும்படி வைக்க வேண்டும்.

மூன்று, சாவி ஜோடி பெட்டிக்குள்ளேயே உருவாக வேண்டும். பெட்டி பொதுச் சாவியையும் தன் பெயரையும் வைத்து ஒரு விண்ணப்பம் தயாரிக்கும். அதற்கு சி.எஸ்.ஆர். என்று பெயர். வெளியே போவது அந்த விண்ணப்பம் மட்டும்தான். "என் லேப்டாப்பிலேயே சாவி போட்டுத் தந்துடறேன்" என்றால் ஒப்புக்கொள்ளக் கூடாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். லேப்டாப் நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது.

நான்கு, சான்றளிப்பு அமைப்பு அந்தப் பெயர் நம்முடையதுதானா என்று சோதிக்கும். அவர்கள் தரும் ஒரு குறியீட்டை நம் இணையப் பெயரின் பதிவேட்டில் சேர்த்துக் காட்டினால் போதும். இதற்குப் பெரிய செலவு இல்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு 2015லிருந்து இலவசமாகவே வழங்கி வருகிறது.

ஐந்து, வந்த சான்றிதழைப் பெட்டியில் ஏற்றும்போது இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்து ஏற்ற வேண்டும். நம் சான்றிதழில் கையெழுத்திடுவது பெரும்பாலும் புத்தகத்தில் இருக்கும் பெரியவர் அல்ல, அவர் அதிகாரம் கொடுத்த அடுத்தவர். அந்த அதிகாரப் பத்திரம் இல்லாவிட்டால் ஒரு போனில் திறக்கும், இன்னொன்றில் எச்சரிக்கை வரும். 'உன் போன்தான் கோளாறு' என்று வீட்டுக்குள் சண்டை வரும்.

ஆறு, நிர்வாகப் பக்கத்துக்கும் விருந்தினர் வைஃபை நுழைவுப் பக்கத்துக்கும் இந்தப் புதிய சான்றிதழைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். நிர்வாகப் பக்கம் வெளி இணையத்திலிருந்து திறக்காதபடி மூட வேண்டும். தொழிற்சாலை பாஸ்வேர்டை அன்றே மாற்ற வேண்டும்.

ஏழு, புதுப்பித்தல். லாரிக்கு எஃப்.சி. தேதி மாதிரி இதற்கும் கெடு உண்டு. பொதுச் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பரிலிருந்து 398 நாள் என்று இருந்தது. 2025 ஏப்ரலில் சான்றளிப்பு அமைப்புகளும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் அதைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஏழு வாரத்துக்கு ஒருமுறை நம்மில் ஒருவர் காலண்டரில் குறித்துவைத்துச் செய்வது நடக்காத காரியம். எனவே சான்றிதழைத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதி பெட்டியில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

இரண்டாவது வேலை: எல்லார் பேரிலும் கையெழுத்து

இப்போது மற்றொன்றுக்கு வருகிறேன். "பாதுகாப்பு முழுமையாக வேண்டுமென்றால் குடியிருப்போர் எல்லாரும் ஒரு க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து, ஒரு சான்றிதழைத் தங்கள் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும்" என்று நமக்கு விளக்கம் சொன்னவர்கள் கூறினார்கள். இதுவும் அந்த ஒரே வரிக்குள்தான் வருகிறது.

இது எதற்கு? உங்கள் போனுக்கும் வங்கிக்கும் நடுவே போகும் செய்தி பூட்டிய உறை. பெட்டியால் அதைப் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால், உங்கள் போனிடம் பெட்டியே 'நான்தான் வங்கி' என்று சொல்ல வேண்டும். அதற்காக அந்த இடத்திலேயே வங்கியின் பெயரில் ஒரு சான்றிதழைத் தயாரித்து, தானே கையெழுத்துப் போட்டு நீட்டும். உங்கள் போன் அதை ஏற்க வேண்டுமானால், பெட்டியின் கையெழுத்து உங்கள் புத்தகத்தில் இருக்க வேண்டும். க்யூ.ஆர். கோடு செய்வது அதைத்தான். முதல் வேலையில் பெட்டி வாங்குவது தன் பெயருக்கு ஓர் அடையாள அட்டை. இரண்டாவதில் வாங்குவது எந்த வங்கி, எந்த மருத்துவமனை, எந்த அரசு அலுவலகம் பேரிலும் கையெழுத்துப் போடும் உரிமை.

அந்தத் தனிச் சாவி தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுப் பெட்டி ஒன்றே சாட்சி. அகமதாபாத்தில் உருவான சைபரோம் ஃபயர்வாலைப் பல நாடுகளில் வாங்கிப் பயன்படுத்தினார்கள். 2012இல் ஜோர்டானில் ஒருவர், டோர் என்ற அமைப்பின் தளத்தைத் திறந்தபோது பொய்ச் சான்றிதழ் வருவதைக் கவனித்துத் தெரிவித்தார். டோர் அமைப்பின் ரூனா சாண்ட்விக்கும் கூகுளின் பென் லாரியும் ஆராய்ந்தார்கள். அந்த நிறுவனத்தின் பெட்டிகள் எல்லாவற்றிலும் கையெழுத்துச் சான்றிதழ் ஒன்றேதான், தனிச் சாவியும் ஒன்றேதான் என்று ஜூலையில் வெளியிட்டார்கள். திண்டுக்கல் பூட்டுக்காரர் ஒருவர் தான் விற்ற பூட்டுக்கெல்லாம் ஒரே சாவியைக் கொடுத்தால் எப்படியிருக்கும், அப்படி. ஓர் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழை ஏற்றிக்கொண்டவரின் செய்தியை, அதே நிறுவனப் பெட்டி வைத்திருக்கும் வேறு யாரும் குறுக்கே நின்று பிரித்துவிடலாம். சில நாளில் அந்தச் சாவியையே யாரோ இணையத்தில் போட்டுவிட்டார்கள். பிறகு நிறுவனம் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிச் சாவி உருவாகும்படி அவசரத் திருத்தம் அனுப்பியது.

பெரிய இடங்களிலும் இது தப்பியிருக்கிறது. 2014 ஜூலை 2 அன்று, தன் பெயருக்கே அனுமதியில்லாத சான்றிதழ்கள் இருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. அவற்றை வழங்கியது டெல்லியில் இருக்கும் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு. அதற்கு அதிகாரம் கொடுத்தது சி.சி.ஏ. அந்தக் கையெழுத்து மைக்ரோசாஃப்டின் புத்தகத்தில் இருந்ததால் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பல அதை நம்பியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனிப் புத்தகம், அதில் இந்தக் கையெழுத்து இல்லை, அதனால் அது தப்பியது. மறுநாளே சி.சி.ஏ. அந்த இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. சட்டம், தணிக்கை, பூட்டிய அறை எல்லாம் உள்ள அரசு அமைப்புக்கே இந்த நிலை. நம் பெட்டி இருக்கப்போவது லிஃப்ட் பக்கத்தில் மீட்டர் ரூமில். சாவி எங்கள் எல்லாரிடமும் புழங்குவது.

வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று தலைமைக் காசாளரிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். அது சந்தேகப்பட்டுச் செய்த ஏற்பாடு அல்ல. யார்மேலும் சந்தேகம் வராமல் இருப்பதற்கான ஏற்பாடு. நம் செயலாளரையோ, பராமரிக்க வருகிறவரையோ நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எல்லாருடைய வங்கிச் செய்தியையும் மருத்துவ அறிக்கையையும் பிரிக்கக்கூடிய சாவி ஒன்று இந்தக் கட்டடத்தில் இருந்தால், எந்த வீட்டில் பணம் போனாலும் பழி முதலில் சங்கத்தின் மேல்தான் விழும்.

பிள்ளைகள் வேண்டாத தளங்களுக்குப் போகிறார்களே, அதைத் தடுக்க வேண்டாமா என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கவலை. அதற்கு உறையைப் பிரிக்க வேண்டியதில்லை. தளத்தின் பெயரை வைத்தே பெட்டி பெரும்பாலானவற்றைத் தடுக்கும். மோசடித் தளங்களின் பட்டியலையும் அப்படியே தடுக்கும். கேமராவையும் விருந்தினர் வைஃபையையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும். பிள்ளையின் போனில் என்ன இருக்கலாம் என்பதை அந்தந்த வீட்டுப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். கம்பெனிகள் தங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் இந்தச் சோதனையை வைப்பது வேறு. அது அவர்கள் பொருள், ஊழியரிடம் சொல்லித்தான் செய்கிறார்கள். நம் வீட்டுப் போன் சங்கத்தின் பொருள் அல்ல. பயனும் குறைவு. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7லிருந்து, நாமாக ஏற்றும் இத்தகைய சான்றிதழைப் பெரும்பாலான செயலிகள் ஏற்பதில்லை. வங்கிச் செயலி திறக்காமல் நின்றுவிட்டால் செயலாளர் வீட்டுக் காலிங் பெல்தான் ஓயாமல் அடிக்கும்.

நான் முன்மொழிவது

தீர்மானத்தில் ஐந்து வரிகள் சேர்க்க வேண்டுகிறேன். பெட்டியின் பெயரும் சான்றிதழும் சங்கத்தின் பேரில் இருக்க வேண்டும். தனிச் சாவி பெட்டிக்குள்ளேயே உருவாக வேண்டும், காப்பு நகல் எடுத்தால் பாஸ்வேர்டு போட்டு, அந்த நகல் ஒருவரிடமும் பாஸ்வேர்டு இன்னொருவரிடமும் இருக்க வேண்டும். புதுப்பித்தல் தானாக நடக்க வேண்டும், கெடு நெருங்கினால் மூன்று பேருக்கு மின்னஞ்சல் வர வேண்டும். குடியிருப்போர் போனில் எந்தச் சான்றிதழையும் ஏற்றச் சொல்லக் கூடாது, உறை பிரிக்கும் சோதனை அணைத்தே இருக்க வேண்டும். பராமரிப்பாளர் மாறும் நாளில் பாஸ்வேர்டும் சாவியும் மாற வேண்டும்.

இதற்கிடையில் யாராவது க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து ஏற்கெனவே ஏற்றியிருந்தால், போனின் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், பயனர் சான்றிதழ்கள் என்ற இடத்தில் அதை நீக்கிவிடலாம். தெரியாவிட்டால் ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

தீர்மானத்தை வாக்குக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.